மாடியில் இருந்த கணக்கு வகுப்பு

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் கஸ்தூரியைப் பார்த்தேன். எண்பதுகளில் என்னோடு பள்ளியில் படித்தவள். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போய், ஊன்றுகோலோடு வருவாள். கணக்கில் அவளை யாரும் முந்தியதில்லை.

ஆனால் கல்லூரியில் அவள் தமிழ் எடுத்தாள். ஆசைப்பட்டுத்தான் எடுத்தாள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"தமிழ்னா உனக்கு அம்புட்டு உசுரா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, கணக்கு வகுப்பு ரெண்டாவது மாடியில இருந்துச்சு. தமிழ் கீழ இருந்துச்சு. 'உன்னால ஏற முடியாதும்மா, கீழ உள்ளத எடுத்துக்கோ'ன்னு சேரப் போன அன்னிக்கே சொல்லிட்டாக."

அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டேன்.

"வகுப்பைக் கீழ மாத்தச் சொல்லி உங்கப்பா கேக்கலையா?"

"கேட்டாக. ஒரு பிள்ளைக்காக மத்த எல்லாரையும் கீழ இறக்க முடியுமான்னு காலேஜுல உள்ளவுக சிரிச்சாக."

அவள் தமிழாசிரியராகவே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். இறங்கும் முன் சொன்னாள்: "தம்பி மகளோட பிளஸ் டூ கணக்குப் புஸ்தகத்த, அவளுக்கு முந்தி நான் போட்டு முடிச்சிட்டேன்."

நீங்கள் படித்த வகுப்பு எந்த மாடியில் இருந்தது? அங்கே யார் வரவில்லை என்று கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.