தரையில் உட்கார்ந்து வரைந்தவர்

"அக்கா போயிட்டாங்க டீச்சர்" என்று ஷாகுல் பாய் பாலக்காட்டிலிருந்து அழைத்தபோது நான் வகுப்பில் இருந்தேன். எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியை ரஹ்மத் டீச்சரின் தம்பி அவர். மாலைக்குள் வந்த இரங்கல்களில் பாதி, 'எளியோரின் துயரத்தை வரைந்தவர்' என்றன. அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், இதைக் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

ஒரு விடுமுறைக்கு நான் பிறந்த தேயிலை மலையூரான சூரியநெல்லிக்கு என்னோடு வந்தார். தாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைகள் ஒழுகுகின்றன என்று எஸ்டேட் பெண்கள் வேலைக்குப் போகாமல் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்த நாள் அது. நல்ல மழை. கூட்டத்திலிருந்த என் சித்தி, "நீங்க எதுக்கு டீச்சர் நனையுதீய? கடைக்குள்ள போங்க" என்றார். டீச்சர் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர்களுக்கு எதிரே ஈரத் தரையிலேயே உட்கார்ந்து வரையத் தொடங்கிவிட்டார்.

அந்த ஓவியம் பாலக்காட்டில் ஒரு கண்காட்சிக்குப் போனது. அமைப்பாளர் அதன் கீழே 'மலைத்தெருவின் சோகம்' என்று அட்டை ஒட்டியிருந்தார். டீச்சர் அவரைக் கூப்பிட்டு ஓவியத்தின் முன்னால் நிறுத்தினார்.

"இதுல சோகம் எங்க இருக்கு, காட்டுங்க."

"மழை, சாம்பல் நிறம், ரோட்டுல பொம்பளைங்க..."

"துணி முழுக்க முதல்ல சிவப்புதான் பூசினேன். சாம்பல் அதுக்கு மேல. கத்தியால சுரண்டின இடத்துல எல்லாம் சிவப்பு எட்டிப் பாக்குது பாருங்க. நானும் தரையில உக்காந்துதான் பாத்தேன். அதான் இவங்க தலை கடைக்கூரைக்கு மேல போகுது. ஒருத்தியாவது குனிஞ்சிருக்காளா?"

"சோகம்னாதான் டீச்சரே, ஆளுங்க நின்னு பாப்பாங்க."

அட்டையை எடுக்க அவர் மறுத்தார். டீச்சர் ஓவியத்தையே எடுத்துவிட்டார். நாங்கள் இருவரும் அதை ஆட்டோவில் ஏற்றி ஷாகுல் பாயின் துணிக்கடைக்குக் கொண்டுபோய்க் கல்லாவுக்கு மேலே மாட்டினோம். சில நாள் கழித்து, வடகரப்பதியிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க வந்த ஓர் அம்மாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இவிய எல்லாம் யார் மேல இத்தனை கோவமா உக்காந்திருக்கறாங்க?" என்று கேட்டார். டீச்சருக்கு அன்று முழுக்கச் சிரிப்பு அடங்கவில்லை.

கடைசி மாதங்களில் நோய் அவருடைய வலது கையை முடக்கியது. பார்க்கப் போனேன். இடது கையில் வண்ணம் பூசும் கத்தியைப் பிடித்து ஏதோ ஒரு தெருவை இழுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கோணல். என் பார்வை அவருடைய வலது கைக்குப் போனது.

"நல்லா இல்லேன்னா சொல்லு செல்வி. பாவம்னு மட்டும் பாக்காதே."

"நல்லா இல்ல டீச்சர்."

"அப்படிச் சொல்லு" என்றவர், எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவருடைய ஓவியம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எந்த மனிதரையும் மேலே நின்றுகொண்டு பார்த்து இரங்காத அவருடைய பிடிவாதம் இருக்கிறது. அதை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.