எரிந்தது வாடகை வீடு

கன்னியப்பனைப் பிடிவாதக்காரர் என்று சொன்னால் பிடிவாதத்துக்கே கோபம் வரும். அரியாங்குப்பத்து விவசாயக் குடும்பம். ஆனால் ஏர் பிடிக்க வணங்காத உடம்பு. முத்தியால்பேட்டையில் எங்களுக்கு எதிர் வீட்டை வாடகைக்குப் பிடித்து, முன்கட்டில் பழைய சாக்கு வியாபாரமும் பின்கட்டில் குடித்தனமுமாக இருந்தார். ஊரில் அவர் பங்குக்கு ஒரு காணி நிலம். அதன் மூலையில் சொந்தமாக வீடு கட்டிப் போய்விட வேண்டும், அவருக்கும் மனைவி செல்வாம்பாளுக்கும் அது ஒன்றுதான் பேச்சு.

வாடகைப் பத்திரத்தைப் பிரெஞ்சில் எழுதிப் பதிந்த நொத்தேர் சொன்னபடி, தீ விபத்துக்கு வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டி வந்தார். ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. தெருவுக்கே கல்கண்டு கொடுத்து மகிழ்ந்த மனிதர், அடுத்த தவணைக்கு வந்த ஏஜெண்ட் வடிவேலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அவன் சட்டத்துக்கு பயந்து கட்டினேன். அவனே கப்பல் ஏறிட்டான். இன்னும் எதுக்கு?"

"கொடிதாங்க எறங்கிச்சு. சட்டம் அப்படியேதான் இருக்குது. வாடகை ஊடு எரிஞ்சா குடியிருக்கறவங்கதான் பொறுப்பு."

"ஊடு என்னுதா? என்னுது இல்லாத ஊட்டுக்கு நான் ஏன் அழுவணும்? ஊட்டுக்காரரு கட்டட்டும்."

தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்போது அப்படித்தான் பேசினார்கள். வெள்ளைக்காரன் மூட்டை கட்டும்போது சட்டத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான் என்று எங்களுக்கு நினைப்பு.

ஐம்பத்தெட்டு சித்திரையில், புருஷனும் பெண்டாட்டியும் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த பட்டப்பகலில், சாக்கு பற்றிக்கொண்டது. தெருவே குடம் தூக்கி ஓடியது. ஓடு வெடித்துச் சிதறி, கூரை தாங்கிய பனங்கை எல்லாம் கரியாகி, சுவர் மட்டும் மிஞ்சியது.

வீட்டுக்காரர் பலராமன் சைகோனில் உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு வந்தவர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வார்த்தை சத்தம் போடாமல் நேரே கோர்ட்டுக்குப் போனார்.

"நெருப்பு எப்படிப் பிடிச்சுது?" என்று கேட்டார் கன்னியப்பனின் வக்கீல்.

"தெரியலீங்க. நாங்க யாரும் ஊட்ல இல்ல."

"தெரியலன்னா நீங்கதான் பொறுப்பு. உங்க தப்பு இல்லன்னு நீங்கதான் நிரூபிக்கணும். பக்கத்து ஊட்லேருந்து தாவிச்சின்னு சாட்சி இருந்தா தப்பிக்கலாம்."

பக்கத்து வீட்டில் இருந்தது கொளஞ்சி, நாலு பிள்ளைகளோடு. அவரைக் கைகாட்டினால் கன்னியப்பன் தப்பிப்பார், கொளஞ்சி மாட்டுவார். செல்வாம்பாள்கூட ஒரு தரம் புருஷன் முகத்தைப் பார்த்தாளாம். "பார்க்காதத பார்த்தேன்னு சொல்லமாட்டேன்" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார் கன்னியப்பன். அந்தப் பிடிவாதமும் அவருக்கு இருந்தது.

கேஸ் தோற்று, நஷ்டஈட்டுக்காகக் காணி கைமாறியது. அந்தப் பணத்தில் பலராமனின் வீடு எழும்பியது.

சரி, வேறு இடம் போய்ப் பிழைக்கலாம் என்றால், ஒரு வீட்டை எரித்த சாக்குக்காரனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? உழவர்கரை வரை நடந்து பார்த்தார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னவர்கள்கூட, பெயரைக் கேட்டதும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கடைசியில் பலராமன்தான் ஒத்துக்கொண்டார். அதே வீடு, அதே வாடகை.

இந்தத் தடவை வடிவேலைத் தேடிக்கொண்டு கன்னியப்பனே போனார்.

புது வீட்டுக்குப் பலராமன் வீட்டார் பால் காய்ச்சினார்கள். குடிவரப்போகிறவர்கள் என்று இவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் நீட்டிய டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் புதுப் பனங்கைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார் கன்னியப்பன்.

செல்வாம்பாள் மெதுவாகச் சொன்னாள்: "நம்ம காணியில காய்ச்சின பாலு. குடிச்சிட்டு வாங்க, சாமான் எறக்கணும்."