சந்தனப் பொட்டுக்குக் கீழே எரிந்த விளக்கு

1984ஆம் ஆண்டு விசயதசமிக்கு மறுநாள் நயினாதீவுக்குப் போனோம். நான் சோதனை பாஸ் பண்ணினால் நாகபூசணி அம்மனுக்குப் பொங்குவதாக அம்மா நேர்ந்திருந்தார். பாஸ் பண்ணியும் விட்டேன். அம்மாவுக்குக் கால் வீக்கம். ஆகவே மாமாவும் நானும் புறப்பட்டோம். எனக்கு நேர்த்தியில் நம்பிக்கை இல்லை. இரவிரவாகப் படித்தது நான். கடலைப் பார்க்கலாம் என்றுதான் போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை ஏறத்தாழ இருபது மைல். அங்கிருந்து தீவுக்கு லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகு. பஸ் மலிவு. ஆனால் பானை, அரிசி, விறகு எல்லாம் இருந்ததால் வாடகைக் கார் பிடித்தோம். போய்வர 250 ரூபாய். பழைய இங்கிலிஸ் கார். சொந்தக்காரர் எங்கள் தெருவில் கடை வைத்திருப்பவர். ஓட்டியவர் ஊர்காவற்றுறை மரியதாஸ் அண்ணை. மூன்று பிள்ளைகள். வள்ளமும் வலையும் விற்றாகிவிட்டது. இந்தக் காரின் சுக்கான்தான் அவருக்குச் சோறு.

காலை 7.10க்குப் புறப்பட்டோம். பண்ணைப் பாலத்தடியில் ஆமிச் சோதனை, இருபது நிமிடம் போனது. வேலணை தாண்டி, கடலுக்கு நடுவே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் ஏறியதும் எஞ்சினுக்குள் யாரோ ஆணிகளைக் குலுக்குவது போல ஒரு சத்தம். மரியதாஸ் அண்ணை வேகத்தைக் குறைத்தார். மாமா பின்சீட்டில் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது மணி லோஞ்சை விட்டால் பூசை போய்விடும், பழைய கார் என்றால் சத்தம் போடத்தான் செய்யும், நிறுத்தாமல் ஓட்டும் என்றார்.

ஒயில் அழுத்தம் விழுந்தால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும் என்று எனக்குத் தெரியும். எங்கே என்று கேட்டேன். மரியதாஸ் அண்ணை கண்ணால் காட்டினார். ஸ்பீடோமீட்டரின் அடியில், ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமத்தோடு, ஓடாகக் காய்ந்திருந்தது. விளக்கு அதற்குக் கீழே மறைந்திருந்தது.

"துடைச்சுப் பாக்கலாமே, அண்ணை?"

"ஏலாது தம்பி. ஒரு கிழமைக்குத் தொடக்கூடாதெண்டு முதலாளி சொன்னவர். நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். என்ர கை பட்டால் வேணுமெண்டு அழிச்சனான் எண்டுதான் கதை வரும்."

"எஞ்சின் இறுகி நிண்டால்?"

"அதுவும் என்ர தலையிலதான்."

சாமி காரியத்தில் கை வைக்காதே என்று மாமா பின்னாலிருந்து அதட்டினார். கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இல்லை. கைலேஞ்சியில் எச்சிலைத் தொட்டுத் துடைத்தேன். பளிச்சென்று மஞ்சள். நான் வாய் திறக்கு முன்பே மரியதாஸ் அண்ணை எஞ்சினை நிறுத்திவிட்டார். கார் தானாக உருண்டு தாம்போதியின் முடிவில் நின்றது.

ஒயில் பார்க்கும் கம்பி காய்ந்து வந்தது. பூசைக்குக் காரைக் கழுவி ஒயில் மாற்றிய இடத்தில் ஒயில் வடிக்கும் அடித்தக்கையைச் சரியாக இறுக்கவில்லை. வழி முழுக்கச் சொட்டியிருக்கிறது. அவர் கீழே படுத்து இறுக்கினார். நான் இறுப்பிட்டிப் பக்கம் ஒன்றரை மைல் நடந்து, படகு மோட்டார் வைத்திருந்த ஒருவரிடம் இரண்டு போத்தல் ஒயில் வாங்கி வந்தேன், 45 ரூபாய். ஊற்றி எஞ்சினைக் கிளப்பியதும் விளக்கு அணைந்தது, சத்தமும் நின்றது.

பதினொரு மணி லோஞ்சில் போனோம். ஆளுக்கு மூன்று ரூபாய், இருபது நிமிடம். பொங்கினோம். எஞ்சினைக் காப்பாற்றியது அம்மன்தான் என்றார் மாமா. என்னுடைய எச்சில் என்றேன்.

மாலை 5.30க்கு முதலாளி காரைச் சுற்றி வந்தார். கண் நேரே பொட்டு இருந்த இடத்துக்குப் போனது. "ஆர் இதை அழிச்சது?" என்று மரியதாஸ் அண்ணையைப் பார்த்துக் கேட்டார். மரியதாஸ் அண்ணை சாவியை நீட்டியபடியே நின்றார். நான்தான் என்று சொல்லி, ஒயில் கதையைத் தொடங்கினேன். முதலாளியின் முகம் இளகிவிட்டது.

"நீர் துடைச்சதெண்டால் பரவாயில்லைத் தம்பி. நான் இவனாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

அவ்வளவுதான். எஞ்சினைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறுகாத எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்திய மனிதனுக்கு அடுத்த நாளும் வேலை இருந்தது, பொட்டைத் துடைத்தது இன்ன வீட்டுப் பிள்ளை என்பதால்.

தீவுப் பக்கம் வாடகைக் காரில் போகிறவர்களுக்குச் சில விசயங்கள். சாவியைத் திருப்பும்போது சார்ஜுக்கான சிவப்பு விளக்கும் ஒயிலுக்கான மஞ்சளும் எரிய வேண்டும். எஞ்சின் பிடித்ததும் இரண்டும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாத விளக்கை நம்ப வேண்டாம். ஓடும்போது சிவப்பு வந்தால் பற்றரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. நிறுத்தி விசிறிப் பட்டியைப் பாருங்கள். அது அறுந்திருந்தால் எஞ்சின் கொதிக்கும், ஓட்டக் கூடாது. பட்டி நன்றாயிருந்தால் பகலில் மெல்ல கார் திருத்தும் அடுத்த கராச்சுக்குப் போகலாம். மஞ்சளுக்கு அடுத்த சந்தி என்ற பேச்சே இல்லை. அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். ஒரு போத்தல் ஒயில் கையோடு இருக்கட்டும், வேலணைக்கு அப்பால் கிடைப்பது அருமை.

விளக்கின்மேல் பொட்டு இருந்தால் புறப்படு முன் துடையுங்கள். சாரதியைத் துடைக்கச் சொல்லாதீர்கள். உங்கள் கையால் துடையுங்கள்.