பிக்கு விரித்த துணி

குருவம்மாள் தட்டை நீட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த பிக்கு கையை நீட்டவில்லை. மடியிலிருந்து ஒரு காவித் துண்டை எடுத்து உதறி, தனக்கு முன்னால் தரையில் விரித்தார். ஒரு முனையை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் துணியைப் பார்த்தார்.

அதில் வை என்று அர்த்தம்.

தட்டில் சீவரம் இருந்தது. பிக்குகள் உடுத்தும் மூன்று துணி. அவள் புருஷன் பால்ச்சாமி மதுரைக்குப் போய் எடுத்து வந்தது. மூன்று வருஷமாக அவர் புத்தர் வழி. வருகிற தையில் மகள் சத்யபிரியாவின் கல்யாணத்தை இந்தப் பிக்குதான் நடத்திவைக்க வேண்டும் என்றார். மகளும் சரி என்றாள். குருவம்மாள்தான் பிடிகொடுக்கவில்லை. "மொதல்ல அந்தச் சாமிய வீட்டுக்குக் கூப்பிடுங்க. தானம்னு என்னமோ சொல்றீகள்ல, அத எங்கையால வாங்குறாகளான்னு பாக்குறேன். பெறகு கல்யாணத்தப் பேசுவோம்" என்று சொல்லியிருந்தாள்.

அவள் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள். நரிக்குடிப் பக்கம் அறுப்புக்குப் போன வயதிலேயே வந்த பழக்கம். கூலித் தானியத்தை அவள் முந்தி விரித்து வாங்குவாள். நிலத்துக்காரச் சம்சாரி வீட்டம்மா படியைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்துக் கொட்டுவாள். குடிக்கத் தண்ணீரும் அப்படித்தான், மேலேயிருந்து விழும். பிற்பாடு பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை கிடைத்தது. முதல் மாதம் பாதிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டி கொண்டுவந்தன. முட்டை போட ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தன. எந்தப் பிள்ளை தட்டை எப்படி நீட்டியது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள்.

காலையில் பிக்கு காரில் வந்து இறங்கியதிலிருந்தே அவளுக்குச் சரியாகப்படவில்லை. தண்ணீர் கொடுத்தால், கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து குடித்தார். கூட வந்த அருப்புக்கோட்டை பாண்டிராஜைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, "சாமிக்குச் சொந்த ஊரு எது தம்பி?" என்று கேட்டாள்.

"பந்தேகிட்ட அதெல்லாம் கேக்கப்படாதுக்கா. துறவுக்கு முந்தி உள்ளதெல்லாம் இல்லாததுதான்." பிக்குவைப் பந்தே என்றுதான் அவன் சொல்வான்.

இல்லாததை எதற்கு மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

இப்போது துணி விரிந்து கிடக்கிறது. தட்டு அவள் கையில் இருக்கிறது. கூடியிருந்த சொந்தக்காரர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.

"வையி குருவு" என்றார் பால்ச்சாமி மெதுவாக.

"கையில வாங்கச் சொல்லுங்க."

"சபையில வம்பு பண்ணாத."

"அன்னைக்கு வாங்குறவ நானு. துணி விரிச்சேன். இன்னைக்குக் குடுக்குறவ நானு. இப்பவும் நடுவுல துணிதான் கெடக்கு."

பாண்டிராஜ் குனிந்து வந்தான். "அக்கா, நீங்க நெனைக்கிறது இல்ல இது. பிக்குமாரு பொம்பளைக கையில நேரா வாங்கக்கூடாதுன்னு விதி. பெத்த தாயின்னாலும் துணிதான்."

"அப்ப இவுக குடுக்கட்டும், பாப்போம்."

தட்டைப் புருஷனிடம் தள்ளினாள். பால்ச்சாமி மண்டியிட்டு நீட்டினார். பிக்கு இரண்டு கையாலும் வாங்கினார். அவர் விரல் பால்ச்சாமியின் விரல்மேல் பட்டது. வெடுக்கென்று எடுக்கிறாரா என்று குருவம்மாள் பார்த்தாள். எடுக்கவில்லை.

"சரி. சாதி இல்ல" என்றாள். "பொம்பளைன்னுதான்."

சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பால்ச்சாமி மகளை முறைத்தார்.

"ஆமாம்மா. விதி அப்படித்தான் இருக்கு" என்றார் பிக்கு. அவர் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். உச்சிப்பொழுதுக்குப் பிறகு அவர் சாப்பிடக்கூடாது என்று பாண்டிராஜ் எல்லாருக்குமாகச் சொன்னான்.

குருவம்மாள் சோற்றையும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பையும் அவளே கொண்டுவந்தாள். சோறு விழுவதற்குத் துணி வேண்டியதில்லை போலிருக்கிறது; அவர் பாத்திரத்தை நீட்டினார். கரண்டியை வேண்டுமென்றே பாத்திர விளிம்பில் இடித்துப் போட்டாள். அவர் பாத்திரத்தை இறக்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் தின்றார். கைகழுவப் போனபோது கொல்லையில் துப்புகிறாரா என்று ஜன்னல் வழியே பார்த்தாள். வாயைக் கொப்பளித்தார், அவ்வளவுதான்.

கிளம்புகிற நேரத்தில் வாசலை மறித்துக் கேட்டாள்.

"கல்யாணத்துல ஓதின நூலக் கையில கட்டுவீகளாமே. மாப்பிள்ளைக்கு நீங்க கட்டுவீக. எம்மகளுக்கு யாரு கட்டுவா? அவளுக்கும் துணி விரிப்பீகளா?"

பாண்டிராஜ் பிக்குவைப் பார்த்தான். பிக்கு, "பொண்ணுக்கு வீட்டு ஆளுங்க யாராவது கட்டலாம்" என்றார்.

"ஆம்பளைக்குச் சாமி, பொம்பளைக்கு யாராவது. அது நல்லால்ல. ரெண்டு பேருக்கும் நானே கட்டுறேன். நீங்க ஓதுங்க."

"அதென்ன புதுப் பழக்கம்?" என்றார் பால்ச்சாமி.

பிக்கு கொஞ்சம் யோசித்தார். "கட்டலாம். கூடாதுன்னு எங்கயும் இல்ல."

"பொறவு மாத்திப் பேசக்கூடாது."

"மாத்த மாட்டேன்மா."

அவள் அதை நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. "அப்பன்னா வாங்க, தையில" என்று வழியை விட்டாள்.

மறுநாள் குருவம்மாள் வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்குப் போய் உலை வைத்தாள். பால்ச்சாமி பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தார். நூல் கட்டும் விஷயத்தை மாப்பிள்ளை வீட்டுக்குச் சத்யபிரியா போனில் சொன்னாள். அவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். சாயங்காலம் கூப்பிட்டுச் சரி என்றார்கள். மழை மேகம் கூடிவந்து திருச்சுழிப் பக்கம் போய்விட்டது.