நார்மல் ஆள்

என் அண்ணன் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிறவர். அங்கே அவருக்குப் பெயர் 'நார்மல்'. வைத்தவர் அந்தக் கூடத்தை நடத்தும் பேராசிரியர். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் ரத்த அணுக்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு எப்படி மாறுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். வெளியே ஆள் தேடி அலைவானேன்? குழாய் கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒருவர் வாட்டசாட்டமாக நின்றுகொண்டிருந்தார். "கொஞ்சம் கைய நீட்டுப்பா" என்றார்கள். அண்ணன் நீட்டினார். வருடக்கணக்காக நீட்டிக்கொண்டே இருந்தார்.

அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. வீட்டில் யாராவது தலைவலி என்று சொன்னால் போதும், "உங்க செல்லெல்லாம் என்ன லட்சணத்துல இருக்கோ" என்று ஆரம்பித்துவிடுவார். அந்தச் சவ்வு வழியாகத்தான் உப்பு உள்ளே போய் வெளியே வருமாம். கொதிப்பு உள்ளவர்களுக்கு அது பழைய ரப்பர் மாதிரி விறைத்துப்போகுமாம். "சரி, உங்களுது எப்படி?" என்று அண்ணி சீண்டுவாள்.

"நம்மளத வச்சுத்தானே ஊரையே அளக்கறாங்க!"

நோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும்முன் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்ப்பார்கள். உட்காரவைத்துப் பார்ப்பார்கள், படுக்கவைத்துப் பார்ப்பார்கள். அண்ணனுக்கு முதல் நாள் பார்த்ததோடு சரி. நார்மல் ஆளுக்கு எதற்கு? மெத்தப் படித்தவர்கள் நிறைந்த அறையில் அவருக்கும் கொதிப்பு வரலாம் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போன வருடம் அண்ணனுடைய அணுக்களும் விறைப்பாகத் தெரிய ஆரம்பித்தன. கருவியைப் பிரித்து மேய்ந்தார்கள். கரைசலை மாற்றினார்கள். கடைசியில் பழி அண்ணன் தலையில் விழுந்தது. குழாயில் சோப்பு ஒட்டியிருக்கிறதாம், ஒழுங்காகக் கழுவவில்லையாம். விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கும்வரை கழுவிக் கழுவி வைத்தார் மனுஷன். அப்புறம்தான் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, சும்மா பார்ப்போமே என்று அவர் கையில் பட்டையைக் கட்டினாள். எண்ணை நம்பாமல் இன்னொரு கையிலும் கட்டிப் பார்த்தாளாம்; அங்கேயும் எக்கச்சக்கக் கொதிப்பு.

அன்றே மாத்திரையை ஆரம்பித்திருக்கலாம். ஆனால் மாத்திரை உள்ளே போனால் சவ்வும் மாறிவிடும். ஒரே ஆள், நல்ல உடம்பிலிருந்து நோய்க்குள் நடந்து போவதை ஆரம்பத்திலிருந்து யார் பார்த்திருக்கிறார்கள்? பேராசிரியருக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

கொதிப்பு என்ற சேதியோடு அண்ணன் வெறுங்கையாக வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கேதான் இருந்தேன்.

"மாத்திரை எங்கண்ணா?"

"சார் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்காரு. இன்னொரு தடவ ரத்தம் எடுத்துக்கிட்டு, அவரே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாராம்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவருக்கென்ன, போறது உன் உயிர்தானே!"

"கத்தாத. தயவு செஞ்சுன்னு கேட்டாரு. இத்தன வருஷத்துல எங்கிட்ட யாரு அப்படிக் கேட்டிருக்கா?"

அண்ணி அழுதுபார்த்தாள், நான் சண்டை போட்டுப் பார்த்தேன். மசியவில்லை. அடுத்த வாரம் ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். பேராசிரியருக்கு வெளியூரில் ஏதோ கூட்டமாம், அதனால் டாக்டர் விஷயம் தள்ளிப்போயிற்று. அவர் திரும்பி வருவதற்குள் அண்ணன் தொட்டி முன்னாலேயே சுருண்டு விழுந்தார். வலது கை, கால் இரண்டும் போயின. வாயும் கோணிப் பேச்சும் போயிற்று.

பேராசிரியர் பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எனக்கு அடக்கமுடியவில்லை.

"நேரத்துக்கு மாத்திர போட்டிருந்தா இப்படிக் கெடப்பாரா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஒரே ஒரு ஆறுதல், ரத்தத்த முன்னாடியே எடுத்துட்டோம். ரொம்ப அருமையா வந்திருக்கு."

வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிடலாம் என்று எழுந்தேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அண்ணன். மிச்சமிருந்த அந்த இடது கையால் என்னைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு அதே கையைச் சிரமப்பட்டு நெற்றிவரைக்கும் தூக்கி, அந்த ஆளுக்கு வணக்கம் வைத்தார்.