ஆறரைத் தோட்டா வந்த கோடை

மார்வா ட்விட்டன் குறி தவறினால் சிரிப்பாள். மற்றவர்களெல்லாம் பல்லைக் கடிப்பார்கள், காற்றைத் திட்டுவார்கள். அவள் துப்பாக்கியை விட்டுத் தலையைத் தூக்கி, புல்தரையில் படுத்தபடியே வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

மொன்டானாவில் லூயிஸ்டவுனுக்கு வடக்கே இருந்தது எங்கள் கிளப்பின் சுடுதளம். படுத்த இடத்திலிருந்து குறிப்பலகைக்கு ஆயிரம் கஜம். நடுவில் ஓயாத காற்று. மார்வா, அவள் கணவன் ஆர்டன், நான் மூவரும் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அவன் தானியக் கிடங்கில் லாரிகளுக்கு எடை போட்டான். இருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் வந்துவிடுவார்கள். ஒருவர் சுட, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்ப்பார். நான் மதிப்பெண் எழுதுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர்களுடைய துப்பாக்கிக் குழல் தேய்ந்துபோனது. புதிய குழலை எந்தத் தோட்டாவுக்குப் போடுவது என்ற பேச்சு, கிளப் கொட்டகையில் மார்வா சுட்டுக் கொண்டுவந்த இலவங்கப்பட்டை ரொட்டியைத் தின்றுகொண்டே நடந்தது.

"ஆறரை போட்டுடலாம் மார்வா," என்றான் ஆர்டன். "எல்லாரும் மாறிட்டாங்க. காத்து அதப் பெருசா அசைக்கிறதே இல்ல."

"அசைக்காது. ஆனா பேரல் என்னத்துக்கு ஆகும்? ஒருத்தர் சுட்டாலே ரெண்டு வருஷம் தாங்காது. நாம ரெண்டு பேரு."

அவள் சொன்னது நியாயம்தான். ஆறரை என்பது ஆறரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வேகமான தோட்டா. அத்தனை மருந்தின் நெருப்பும் சின்னத் துளை வழியாகப் பாயும்போது, குழல் தொடங்குகிற இடம், நாங்கள் தொண்டை என்போம், வெந்து வெந்து வற்றிய குட்டைச் சேறுபோல வெடித்துவிடும். ஆயிரம் குண்டு போவதற்குள் குறி சிதற ஆரம்பிக்கும். பழைய முந்நூற்றெட்டு இன்னும் தடித்த, மெதுவான தோட்டா. காற்று அதை இஷ்டத்துக்குத் தள்ளும். ஆனால் குழல் நாலு மடங்கு உழைக்கும்.

"முன்னூத்தி எட்டா?" என்று குறுக்கே விழுந்தான், ஏற்கெனவே ஆறரைக்கு மாறியிருந்த கிளப்காரன் லீராய் ஃபாவ். "மார்வா, உன் குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள நான் ஒரு காபி குடிச்சுட்டு வந்துடுவேனே!"

"நல்லா குடி. உன் பேரலும் கொஞ்சம் ஆறட்டும்."

கொட்டகையே சிரித்தது. ஆனாலும் விட்டுக்கொடுத்தது அவள்தான். "ஆர்டன் இதுவரைக்கும் ஒரு கப்புகூட வாங்கினதில்லடி," என்றாள் என்னிடம். "ஒரு தடவ ஜெயிச்சுப் பாக்கட்டும்."

ஜூன் மாதம் அவன் ஜெயித்தான். அவள் இரண்டாவதாக வந்தாள். கோப்பையை வண்டியின் முன்கண்ணாடிக்கு அருகே நிறுத்திவைத்து ஊரையே சுற்றினான்.

அதற்குப் பிறகுதான் ஏதோ மாறியது. "இன்னைக்கு நீ சுடு. எனக்குத் தோள் வலி," என்பாள் மார்வா. அடுத்த வாரம் ஆர்டன், "வெயில் கண்ணக் கூசுது. நீயே சுடேன்," என்பான். ஆளுக்கு இருபது குண்டு சுட்டவர்கள் பத்து சுட்டார்கள், பிறகு ஐந்து. காற்று கொஞ்சம் வீசினாலே துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டார்கள். காற்று வீசும் நாளுக்காகவே காத்திருந்து வந்தவர்கள் அவர்கள்! ஆகஸ்டில் இரண்டு ஞாயிறு வரவேயில்லை.

செப்டம்பரில் பெரிய போட்டி. காற்றுத் திசை காட்டும் கொடிகள் இடமும் வலமுமாக மாறி மாறிப் படபடத்தன. மார்வாவின் மூன்றாவது குண்டு கறுப்பு வட்டத்தைத் தாண்டிப் போனது. சிரிப்பாள் என்று பார்த்தேன். "ஐயோ, ஒண்ணு வீணாப் போச்சே," என்றாள். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து ஆர்டன் அவளையே பார்த்தான். அதற்குப் பிறகு அவன் சுட்டது இன்னும் மோசம்.

லீராய் ஓடிவந்து, "பேரல் போயிடுச்சா?" என்று கேட்டுக் குழலின் உட்புறத்தைக் காட்டும் கருவியை விட்டுப் பார்த்தான். "அடப்பாவிகளா, புதுசு மாதிரி இருக்கே! நீங்க சுடுறீங்களா, இல்ல பாலிஷ் போட்டு வெக்கிறீங்களா?"

திரும்பும்போது வண்டியில் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆர்டன், "உனக்குத் தோள் வலியே இல்ல. சரிதானே?" என்றான்.

"உனக்கு மட்டும் கண்ணு கூசிச்சாக்கும்."

"எனக்கு எதுக்கு விட்டுக்குடுத்த?"

"பேரல் தேயாம இருந்தா நீ இன்னும் ஜெயிப்பேன்னுதான். கப்ப எடுத்து முன்னாடி வெச்சுக்கிட்டு ஊர்கோலம் போனியே!"

"அத நீ பாக்கணும்னு வெச்சேன் மார்வா. எனக்கெதுக்கு அது? நீ படுத்துக்கிட்டு சிரிக்கிறதக் கேட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

என் தலைக்கு மேலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்வாவின் உதடு முதலில் கோணியது. அப்புறம் அடக்க முடியாமல் வெடித்தாள். ஆர்டன் சிரித்த சிரிப்பில் வண்டி சாலையோரச் சரளையில் இறங்கி ஏறியது. "ரெண்டு பேரும் சேந்து என்னக் கொல்லாதீங்க!" என்று கத்தினேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஆறரைக் குழலை லீராய்க்கே விற்றுவிட்டு முந்நூற்றெட்டு போட்டார்கள். அதன் பிறகு பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. பட்டியலின் நடுவில் எங்கேயாவது இருப்பார்கள். கவலையே இல்லாமல் சுட்டார்கள். கிளப்புக்குப் புதிதாக யார் வந்தாலும், "வா, படு, ரெண்டு சுட்டுப் பாரு," என்று துப்பாக்கியைக் கொடுத்தார்கள். காற்று மோசமாக இருந்தால் கூடுதலாக ஒரு பெட்டித் தோட்டா கொண்டுவந்தார்கள். அந்தக் குழல் பதினோரு வருடம் வந்தது.

ஆர்டன் போய் மூன்று குளிர்காலம் ஆகிறது. மார்வா இப்போது பில்லிங்ஸில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சுடுதளத்தில் இருந்தபோது, போன் செய்தாள்.

"அங்க எப்படிடி இருக்கு?"

"கொடியெல்லாம் பிச்சுக்கிட்டுப் போகுது. ஒருத்தரும் சுடல, கொட்டகைல உக்காந்திருக்காங்க."

"முட்டாளுங்க," என்றாள் மார்வா. "மகள வண்டியெடுக்கச் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். என் இடத்த யாருக்கும் குடுத்துடாத."