தந்திக்காரியும் நானும்

என் வாழ்க்கையில் நான் மனமாரப் பொறாமைப்பட்டது ஒரே ஒரு பெண்ணின் மேல்தான். அவளோ பிறந்ததே இல்லை. ஒரு நாவலில் வருகிறவள். மன்னனை இறக்கிவிட்டுச் சனங்கள் ஆட்சியைப் பிடித்த ஒரு பனி தேசத்துக் கதை அது. யாரோ தமிழில் மொழிபெயர்த்துத் தலையணை மொத்தத்தில் அச்சடித்திருந்தார்கள். அவள் அதில் ரயில் நிலையத்தில் தந்தி அடிப்பவள். புரட்சிக்காரருக்கு இரகசியச் செய்தி அனுப்புவாள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அவளுடைய பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. தந்திக்காரி என்றே சொல்கிறேன். அவளுக்கு அது போதும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கலியாணம் முடித்து, யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக்குக் கிட்ட அவருடைய வீட்டுக்கு வந்தேன். அவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதும் எழுதுவினைஞர். பின்னேரம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழர்களுடன் படிப்பு வட்டம். மிச்ச நேரமெல்லாம் அந்த நாவல்தான். வாசிகசாலையில் அதற்கு ஒரு பிரதிதான் இருந்தது. தவணை முடிகிற அன்று கொண்டுபோய்க் கொடுப்பார், அன்றைக்கே திரும்ப எடுத்து வருவார். வேறு ஒருவரும் கேட்கவில்லையா என்றால், "உதை வாசிக்கிற பொறுமை இஞ்சை ஆருக்கு இருக்கு?" என்று பெருமையாகச் சொல்வார்.

நான் சமைக்கும்போது குசினி வாசலில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவார். முதலில் ஆசையாகத்தான் கேட்டேன். புருஷன் பக்கத்தில் இருந்து கதை சொன்னால் புதுப் பெண்சாதிக்குக் கசக்குமா? போகப்போகத்தான் கவனித்தேன், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தந்திக்காரிதான் வந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பாள். குளிரில் விறைத்த விரல்களை வாயால் ஊதி ஊதித் தந்தி அடிப்பாள். கதாநாயகன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவளைப் பார்க்கவென்று பனியில் விடிய விடிய நடப்பான். அந்த இடம் வந்தால் இவருடைய குரல் இறங்கிவிடும். விரலைப் புத்தகத்துக்குள் வைத்தபடியே மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

"என்ன பொம்பிளை! உப்பிடி ஒருத்தியை எங்கடை நாட்டிலை காண ஏலாது."

"அவள் தேங்காய் திருவுவாளோ?" என்று கேட்டேன். அப்போது நான் திருவிக்கொண்டிருந்தேன்.

"உமக்கு எல்லாம் பகிடி."

பகிடியே இல்லை, எனக்கு வயிறு எரிந்தது. என் தலைமயிர் இடுப்புக்குக் கீழே தொங்கும். பெண் பார்க்க வந்த அன்று மாமி மெச்சியது அதைத்தான். அவர் வேலைக்குப் போன பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று, அந்த மயிரைக் காதளவுக்கு மடித்துப் பிடித்து, எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்கிறேன். அசிங்கமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்றால் வேலிக்கு மேலாக நாலு கேள்வி கேட்டுவிடலாம். கடதாசியில் இருப்பவளை என்ன செய்வது?

அடுத்த வருடம் நான் பிள்ளைத்தாச்சியானேன். ஏழாம் மாதம். முற்றத்தில் வெங்காயப் பிடிகளைக் காயவிட்டுக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டால் என்ன பேர் எண்டு நான் யோசிச்சிட்டன்."

எந்தப் பெயர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து இடதுசாரிகள் பிள்ளைகளுக்கு அந்தத் தேசத்துப் பெயர் வைப்பது புதினமில்லை. அவருடைய படிப்பு வட்டத்திலேயே இரண்டு பேர் வைத்திருந்தார்கள். கையிலிருந்த வெங்காயப் பிடியைக் கீழே போட்டேன்.

"இஞ்சாருங்கோ, விடிஞ்சால் பொழுதுபட்டால் அவளின்ரை பேரைச் சொல்லி என்ரை பிள்ளையைக் கூப்பிட என்னாலை ஏலாது."

"அவள் புரட்சிக்காரி. உம்மை மாதிரிக் குசினிக்குள்ளை இருந்தவள் இல்லை. முழுக்க வாசிச்சால்தானே அவளின்ரை அருமை விளங்கும்?"

அந்தக் குசினிச் சோற்றைத்தான் அவர் ஒரு வருடமாகச் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபத்தில் நான்கு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள், சரி, வாசித்துத்தான் பார்ப்போம் என்று புத்தகத்தைத் தூக்கினேன். அவளில் ஏதாவது ஒரு பிழை, ஒரு கள்ளம் அகப்பட்டால் போதும், அதைச் சொல்லியே அந்தப் பெயரைத் தடுத்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம்.

மாவுக்குத் தட்டுப்பாடு வந்து, ஒரு றாத்தல் பாணுக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. காலையில் அவர் சங்கக்கடை திறக்கப் போய்விடுவார். நான் பையோடும் புத்தகத்தோடும் சந்திப் பேக்கரிக்குப் போவேன். வெயில் ஏறும்போதுதான் பாண் கைக்கு வரும். என் வயிற்றைக் கண்டு முன்னால் நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள்.

"பிள்ளை, நீர் முன்னுக்குப் போம்."

"வேண்டாம் அக்கா, நான் நிக்கிறன்."

"என்ன, சோதினைக்குப் படிக்கிறீரோ?"

ஓம் என்று சொல்லிவிட்டு வாசித்தேன். தந்திக்காரியில் பிழை அகப்படவில்லை. நல்லவளாகத்தான் இருந்தாள். பிடிபட்டபோதும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அவளைச் சுடுகிற இடத்தில் என் கண்ணீர் புத்தகத்தில் விழுந்தது. என்னையும் அழவைத்துவிட்டாளே என்று அதற்கும் சேர்த்து ஆத்திரப்பட்டேன்.

ஆனால் அதற்கு முன்பே வேறு ஒன்று அகப்பட்டிருந்தது. வாத்தியாருக்கு ஒரு பெண்சாதி இருந்தாள்.

கண்ணைத் துடைத்துவிட்டு, பின்னுக்குப் புரட்டி, அவள் வருகிற பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். சரிதான், பெண்சாதிதான், கையில் குழந்தையும் இருந்தது. அவள் வருகிற பக்கங்கள் மொத்தம் ஏழோ எட்டோ. புரட்சி நடக்கிற நகரத்தில் அவள் பாணுக்கு வரிசையில் நிற்கிறாள். நானும் பாணுக்கு நின்றபடிதான் அதை வாசித்தேன். விறகு முடிந்ததும் கதிரை மேசைகளை உடைத்து அடுப்பெரிக்கிறாள். அவனுடைய புத்தகங்களை மட்டும் எரிக்காமல் வைத்திருக்கிறாள். கடைசியில் பிள்ளையோடு ஒரு வண்டிலில் ஏறிப் போகிறாள். எங்கே போனாள், பிழைத்தாளா என்று எழுதியவரும் சொல்லவில்லை.

ஒரு வருடமாக எனக்குக் கதை சொன்ன மனுஷன் அவளைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. தந்திக்காரியின் கையுறை என்ன நிறம் என்றுகூடச் சொன்னவர் அவர். இதை ஒளித்தாரா, மறந்தாரா? ஒளித்திருந்தால் பரவாயில்லை, மனச்சாட்சி குத்தியிருக்கிறது என்று பொறுத்துக்கொள்ளலாம். பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோதெல்லாம் அதையே யோசித்தேன். அவரிடம் கேட்கவில்லை, கேட்டால் உஷாராகிவிடுவார். புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மகள் பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து, பிள்ளைக்கு மொட்டை வழித்து, மாமி மடியில் வைத்துக்கொண்டு பெயரைக் கேட்டார். என் புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு தந்திக்காரியின் பெயரைச் சொன்னார்.

"உது என்னடா, காய்ச்சல் வருத்தத்தின்ரை பேர் மாதிரி?" என்றார் மாமி. "என்ரை வாயிலை நுழையிற பேராய் வையுங்கோ."

எங்கள் வீட்டுப் புரட்சிக்காரர் தாய்க்கு முன்னால் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ஒரு பெயரைச் சொன்னேன். வாத்தியாருடைய பெண்சாதியின் பெயர். மூன்றே எழுத்து, கேட்டால் எங்கள் பெயர் போலவே இருக்கும். மாமிக்கு உடனே பிடித்துப்போயிற்று. பிள்ளையின் காதில் அதை மூன்று தரம் சொன்னார்.

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒளித்தவர் என்றால் இப்போது பிடிபட வேண்டும். கோபம் வந்தால் வரட்டும், வெட்கப்பட்டால் இன்னும் நல்லது என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பெயரை மெல்ல ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"வடிவான பேர். எங்கை எடுத்தனீர்?"

"ஒரு கதைப் புத்தகத்திலை."

"என்ன புத்தகம்? சொல்லும், நானும் வாசிக்க."

மாமியின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"வாசிச்சாலும் உங்களுக்கு ஞாபகம் நிக்காது" என்றேன்.